மனைவி குடும்பத்தின் மேஃப்ளவர் கதை: ஜான் ஹவ்லண்ட் வரை ஆவணத்தோடு போக முடியுமா?

வூஸ்டர்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மாசசூசெட்ஸில் இருக்கிறேன். மனைவி மெய்ன் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய பாட்டிக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல் ஆகிறது. தங்கள் குடும்பம் 1620-ல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் வந்து பிளிமத்தில் குடியேறிய ஜான் ஹவ்லண்டின் வழி என்று பாட்டி உறுதியாகச் சொல்கிறார். வீட்டில் அட்டை கிழிந்த பழைய குடும்ப வரலாற்றுப் புத்தகம் ஒன்றும், கையால் எழுதிய கொடிவழித் தாள்களும் இருக்கின்றன.

அதன்படி வரிசை இப்படிப் போகிறது. ஹவ்லண்டின் மூத்த மகள் டிசையர். அவர் கணவர் பார்ன்ஸ்டபிள் ஊரின் கேப்டன் ஜான் கோரம். அவர்கள் வழியில் வந்த ஒருவர் 1700-களின் நடுவில் மாசசூசெட்ஸின் கேப் காட் பகுதியிலிருந்து மெய்னில் கோரம் என்ற ஊருக்குக் குடிபெயர்கிறார். அவருடைய பேத்தி 1805 வாக்கில் கல்யாணம் செய்துகொள்கிறார். அந்தப் பெண்ணிலிருந்து ஆறு தலைமுறை இறங்கினால் என் மனைவி. இணையத்தில் ஒரு பெரிய மரபுத் தளத்தில் தேடினால் இதே வரிசை பலருடைய குடும்ப மரங்களில் இருக்கிறது. ஆனால் ஆவணம் என்று எதையும் யாரும் இணைக்கவில்லை.

இரண்டு கேள்விகள். வீட்டுப் புத்தகம், ஹவ்லண்டின் மனைவி எலிசபெத், பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் கார்வரின் பேத்தி என்கிறது. இணையத்தில் எல்லோரும் டில்லி என்பவரின் மகள் என்கிறார்கள். எது சரி? இன்னொன்று, எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்? பிள்ளைகளுக்கு எழுதிவைக்க ஆசை. மேஃப்ளவர் வழித்தோன்றல்களின் சங்கத்தில் சேரவும் மனைவிக்கு விருப்பம் உண்டு. குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் பிந்தைய தலைமுறைப் பெயர்களை இங்கே போடவில்லை.

பழஞ்சுவடி எழுதியது:

தம்பி, முதலில் ஹவ்லண்டை ஓரமாக வையுங்கள். உங்கள் மனைவியிடமிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு படியாக மேலே ஏறுங்கள். ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவர் அவருடைய பிள்ளை என்று எந்தத் தாள் சொல்கிறது? தாள் இல்லாத படியில் நின்றுவிடுங்கள். அதற்கு மேல் என்ன எழுதியிருந்தாலும் அது இன்னும் உங்களுடையது அல்ல.

மாசசூசெட்ஸ், மெய்ன் எல்லாம் அடங்கிய நியூ இங்கிலாந்தைப் பொறுத்தவரை ஒரு வசதி இருக்கிறது. மேல்முனையில் உள்ள தலைமுறைகளை ஏற்கெனவே நிபுணர்கள் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டார்கள். 1897-ல் தொடங்கிய மேஃப்ளவர் சங்கம் ஒவ்வொரு பயணியின் முதல் ஐந்து தலைமுறைகளையும் ஆதாரத்தோடு அச்சிட்டிருக்கிறது. வெள்ளி நிற அட்டை என்பதால் வெள்ளிப் புத்தகங்கள் என்பார்கள். பாஸ்டனில் 1845-லிருந்து இயங்கும் நியூ இங்கிலாந்து மரபு வரலாற்றுச் சங்கத்தின் நூலகத்தில் அவை கிடைக்கும். கீழ்முனையும் சுலபம். மெய்ன் மாநிலம் 1892-லிருந்து பிறப்பு, இறப்பைப் பதிவு செய்கிறது. இறப்புச் சான்றிதழில் தாய் தகப்பன் பெயர் இருக்கும்.

சங்கிலி அறுந்துபோகிற இடம் நடுவில்தான். 1780-லிருந்து 1850 வரை. அந்தக் காலத்தில் குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டே இருந்தன. முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-ல் நடந்தது, ஆனால் 1840 வரைக்கும் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் எழுதினார்கள். மனைவி, மக்கள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. 1850-ல்தான் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும் வருகிறது. அப்போதும் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதவில்லை, அதற்கு 1880 ஆனது. ஆக 1805-ல் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணின் தகப்பன் யார் என்பதைக் கணக்கெடுப்பு சொல்லாது. உங்கள் வரிசையில் நான் முதலில் பார்க்க விரும்புவது அந்தப் பெண்ணைத்தான்.

தென்னங்கீற்று எழுதியது:

கேள்வி கேட்கலாமா? ஹவ்லண்ட்தான் கப்பலிலிருந்து கடலில் விழுந்தவரா? என் மகளின் பள்ளிப் புத்தகத்தில் படித்த ஞாபகம். அப்புறம் அந்த கார்வர், டில்லி விஷயத்தை யாராவது விளக்குங்களேன்.

மேப்பிள்மரம் எழுதியது:

அவரேதான். ஹண்டிங்டன்ஷயரில் ஃபென்ஸ்டான்டன் ஊர்க்காரர். ஜான் கார்வர் வீட்டுப் பணியாளராகக் கப்பலேறியவர். நடுக்கடலில் புயலடித்தபோது மேல்தளத்துக்கு வந்தார், கப்பல் சாய்ந்ததில் தண்ணீரில் விழுந்துவிட்டார். பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்த பாய்க்கயிறு கையில் அகப்பட்டது. பல ஆள் ஆழத்துக்கு அமுங்கியும் பிடியை விடவில்லை. கொக்கிக் கழியால் இழுத்து ஏற்றினார்கள். உடன் பயணம் செய்த வில்லியம் பிராட்ஃபோர்டே இதை எழுதிவைத்திருக்கிறார். குடியேற்றத்தை எப்படி நடத்துவது என்று அவர்கள் எழுதிக்கொண்ட மேஃப்ளவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஹவ்லண்ட் பதின்மூன்றாவது.

கப்பலில் வந்த 102 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்தில் இறந்துபோனார்கள். எலிசபெத் டில்லிக்கு அப்போது 13 வயது. அப்பா, அம்மா இருவரும் போய்விட்டார்கள். 1621 வசந்தத்தில் ஆளுநர் கார்வரும் அவர் மனைவியும் போனார்கள். கார்வர் வீட்டோடு இருந்த ஹவ்லண்ட் பிறகு எலிசபெத்தைக் கல்யாணம் செய்துகொண்டார். பத்துப் பிள்ளைகள். பத்தும் வளர்ந்து குடும்பம் கண்டன. அந்தக் காலத்தில் இது அபூர்வம்.

கார்வரின் பேத்தி என்ற கதை தலைமுறை தலைமுறையாக ஹவ்லண்ட் குடும்பத்தில் சொல்லப்பட்டது. ஆளுநர் வீட்டுச் சம்பந்தம் என்றால் கௌரவம்தானே, யாரும் கேள்வி கேட்கவில்லை. பிராட்ஃபோர்ட் எழுதிய குடியேற்ற வரலாற்றின் கையெழுத்துப் பிரதி அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் காணாமல் போயிருந்தது. 1855-ல் லண்டன் பிஷப்பின் ஃபுலம் மாளிகை நூலகத்தில் அது இருப்பது தெரியவந்தது. 1856-ல் பாஸ்டனில் அச்சானது. அதன் கடைசியில் கப்பலில் வந்தவர்கள் பட்டியலும், முப்பது ஆண்டு கழித்து அவரவர் குடும்பம் என்ன ஆயிற்று என்ற குறிப்பும் இருக்கின்றன. ஹவ்லண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறது. பெட்ஃபோர்ட்ஷயர் ஹென்லோ ஊர் தேவாலயப் பதிவேட்டிலும் எலிசபெத்தின் ஞானஸ்நானம் 1607 ஆகஸ்டில் பதிவாகியிருக்கிறது. இருநூறு வருஷக் குடும்ப நம்பிக்கையை, கூடவே வாழ்ந்த ஒருவர் எழுதிய ஒரு வரி மாற்றிவிட்டது.

வூஸ்டர்வாசி, உங்கள் புத்தகம் கார்வரின் பேத்தி என்கிறது என்றால், அதை எழுதியவர் 1856-க்கு முன்னால் எழுதியிருக்க வேண்டும், அல்லது அப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். மற்ற இடங்களையும் அதே கண்ணோடு பாருங்கள்.

இன்னொன்று. ஜான் ஹவ்லண்டுக்கு ஆர்தர், ஹென்றி என்று இரண்டு சகோதரர்கள் உண்டு. அவர்களும் பிற்பாடு பிளிமத்துக்கு வந்தார்கள், மேஃப்ளவரில் அல்ல. டார்ட்மத், நியூ பெட்ஃபோர்டு பக்கத்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஹவ்லண்டுகள் பெரும்பாலும் ஹென்றி வழி. பெயரில் ஹவ்லண்ட் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மேஃப்ளவருக்குத் தாவிவிடுகிறவர்கள் நிறைய. உங்களுக்கு டிசையர் வழி என்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

வூஸ்டர்வாசி எழுதியது:

மிக்க நன்றி. பழஞ்சுவடி அக்கா சொன்னபடி ஒவ்வொரு படிக்கும் என்ன தாள் இருக்கிறது என்று அட்டவணை போட்டேன். மனைவியிலிருந்து 1840-களில் பிறந்த ஒருவர் வரை இறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு எல்லாம் கிடைத்துவிட்டன. மேலே, ஹவ்லண்டின் உயில் (1672 மே 29) எல்லா மகள்களையும் கல்யாணப் பெயரோடு குறிப்பிடுகிறது, டிசையர் கோரம் உட்பட. அங்கிருந்து மெய்னுக்கு வந்தவர் வரைக்கும் வெள்ளிப் புத்தகம் இருக்கிறது.

ஹவ்லண்ட் இறந்த தேதியை 1672/73 பிப்ரவரி 23 என்று எழுதுகிறார்களே, ஏன் இரண்டு வருஷம்?

பலவீனமான படி நீங்கள் சொன்ன அதே பெண்தான். அவருக்கு இருப்பது கல்யாணப் பதிவு மட்டும். மாப்பிள்ளை கோரம் ஊர், பெண் பக்ஸ்டன் ஊர் என்று இருக்கிறது. இணைய மரங்கள் அவரைக் கோரம் ஊர்க்காரர் ஒருவரின் மகளாகக் காட்டுகின்றன. அவருக்கு அதே பெயரில், ஏறக்குறைய அதே வயதில் ஒரு மகள் இருந்தது கோரம் பதிவேட்டில் இருக்கிறது.

பழஞ்சுவடி எழுதியது:

தேதி விஷயம் சின்னது. 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதத் தேதிகளுக்கு அவர்கள் கணக்கும் நம் கணக்கும் ஒரு வருஷம் மாறும். அதனால் இரண்டையும் எழுதுகிறோம். இதைக் கவனிக்காமல் விட்டால் கல்யாணத்துக்கு முன்பே குழந்தை பிறந்த மாதிரிக் கணக்கு வரும்.

இப்போது அந்தப் பெண். கல்யாணப் பதிவு அவரைப் பக்ஸ்டன் என்று சொல்கிறதே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கல்யாண அறிவிப்பை இரண்டு பேர் ஊரிலும் முன்கூட்டியே ஊர் எழுத்தரிடம் பதிய வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஊர்ப் பெயரைச் சும்மா எழுதமாட்டார்கள். கோரமும் பக்ஸ்டனும் ஒட்டினாற்போல் இருக்கிற ஊர்கள், ஆனால் கோரம் கம்பர்லண்ட் மாவட்டம், பக்ஸ்டன் யார்க் மாவட்டம். தகப்பன் பெயரில் இரண்டு பேர் இருந்தார்களா என்று பாருங்கள். ஒருவர் கோரத்தில், ஒருவர் பக்ஸ்டனில். 1800 கணக்கெடுப்பில் இரண்டு ஊரையும் திறந்தால் தெரிந்துவிடும். வரிப் பட்டியலில் மூத்தவர், இளையவர், இரண்டாமவர் என்று பெயருக்குப் பின்னால் இருந்தால் அதை அப்பா பிள்ளை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயர்க்காரர்களை வயதை வைத்துப் பிரித்தார்கள், அவ்வளவுதான். மூத்தவர் இறந்ததும் இளையவர் மூத்தவராகிவிடுவார்.

இணைய மரங்கள் ஏன் கோரம்காரரைப் பிடித்துக்கொண்டன என்பதையும் ஊகிக்க முடிகிறது. அவருடைய மகளுக்குப் பிறப்புப் பதிவு அச்சில் கிடைக்கிறது, கூடவே மேஃப்ளவர் வழியும் வருகிறது. அதைத் தப்பென்று காட்டக்கூடிய தாளும் இல்லை, ஏனென்றால் கம்பர்லண்ட் மாவட்டத்தின் உயில், சொத்துப் பிரிவினைப் பதிவுகள் 1908-ல் போர்ட்லண்ட் நகர மன்றக் கட்டடம் எரிந்தபோது போய்விட்டன. ஆனால் யார்க் மாவட்டப் பதிவுகள் ஆல்ஃபிரட் ஊரில் பத்திரமாக இருக்கின்றன. பக்ஸ்டன்காரரின் சொத்துப் பிரிவினைக் கோப்பைத் தேடுங்கள்.

கோப்பு இல்லாவிட்டால் நிலப் பத்திரம். தகப்பன் இறந்ததும் பிள்ளைகள் தங்கள் பங்கை ஒரு சகோதரனுக்கு எழுதிக்கொடுப்பார்கள். கல்யாணமான மகள்கள் கணவர் பெயரோடு கையெழுத்துப் போடுவார்கள். நம் ஊரில் வில்லங்கச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்துச் சொத்து எப்படிக் கைமாறியது என்று பார்க்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. மூன்றாவதாக, பக்ஸ்டனில் 1763-லிருந்து பல பத்தாண்டுகள் பால் காஃபின் என்ற பாதிரியார் இருந்தார். அவருடைய தேவாலயப் பதிவுகள் அச்சில் வந்திருக்கின்றன. ஞானஸ்நானப் பட்டியலைப் பாருங்கள்.

செங்காந்தள் எழுதியது:

இவ்வளவு தாள் தேடுவதற்கு ஒரு டி.என்.ஏ. சோதனை செய்துவிடலாமே என்று யாராவது கேட்பதற்குள் எழுதிவிடுகிறேன், என் துறை இது. ஹவ்லண்ட் தலைமுறைக்கு அது உதவாது. பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 மூதாதையர்கள். அவர்களில் பலரிடமிருந்து உங்கள் மனைவியின் உடலில் ஒரு துண்டு கூட வந்திருக்காது. தப்பித்தவறி வந்திருந்தாலும், நியூ இங்கிலாந்தின் பழைய குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சம்பந்தம் செய்துகொண்டவை. பொருந்துகிற துண்டு யார் வழியாக வந்தது என்று பிரிக்க முடியாது. ஒய் குரோமோசோம் அப்பா வழியில் ஆண் வாரிசாகவே வந்தவர்களுக்கு மட்டும். உங்கள் வரிசையில் முதல் படியிலேயே டிசையர் என்ற மகள்.

ஆனால் 1805 பெண்ணின் படிக்கு உதவக்கூடும். அங்கே ஆறு தலைமுறைதான். பாட்டி சம்மதித்தால் அவருடைய மாதிரியை எடுங்கள், உங்கள் மனைவியைவிட அவர் இரண்டு தலைமுறை நெருக்கம். கோரம்காரரின் மற்றப் பிள்ளைகள் வழி வந்தவர்களோடு பொருந்துகிறாரா, பக்ஸ்டன்காரர் வழியோடு பொருந்துகிறாரா என்று பாருங்கள். தாளுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். தனியாக அது தீர்ப்பு சொல்லாது.

கரிசல்மண் எழுதியது:

பிள்ளைகளுக்கு எழுதிவைக்கப் போகிறீர்கள் என்பதால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கோரமும் பக்ஸ்டனும் எப்படி ஊரானது தெரியுமா? 1675 டிசம்பரில் நாராகன்செட் என்ற பூர்வகுடி மக்கள் மீது படையெடுக்கப் போன வீரர்களுக்கு, பிரதேசத்தைப் பிடித்தால் நிலம் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். டிசம்பர் 19 அன்று சதுப்பு நிலத்தின் நடுவில் இருந்த அவர்களுடைய கோட்டையைத் தாக்கி, குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அந்த வாக்கை நிறைவேற்ற மாசசூசெட்ஸுக்கு ஏறக்குறைய அறுபது வருஷம் ஆனது. 1730-களில் வீரர்களுக்கும் அவர்களுடைய வாரிசுகளுக்குமாக 840 பங்குகள் வைத்து, ஊருக்கு 120 பங்கு வீதம் ஏழு ஊர்களை ஒதுக்கினார்கள். பக்ஸ்டன் நாராகன்செட் எண் 1. கோரம் நாராகன்செட் எண் 7. கோரத்துக்குப் பெயர் வந்ததே டிசையரின் கணவர் கேப்டன் ஜான் கோரமை வைத்து. அந்தப் போரில் படைத்தலைவராக இருந்து, 1676-ல் ஸ்வான்சியில் காய்ச்சலில் இறந்தவர் அவர். அந்த நிலமும் வெறும் நிலம் அல்ல, அபனாக்கி என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த இடம். கேப் காட் குடும்பங்கள் ஏன் திடீரென்று மெய்னுக்குப் போயின என்ற கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. கொடிவழியில் இதை விட்டுவிட்டால் பாதிக் கதைதான் மிஞ்சும்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். ஆரம்பகால அமெரிக்க மூதாதையர் என்றதும் எல்லோரும் பிளிமத்தைத்தான் பார்க்கிறோம். வர்ஜீனியாவில் ஒரு ஆளைக் கூட்டிவந்தால் 50 ஏக்கர் என்ற ஏற்பாடு இருந்தது. ஜார்ஜ் மெனஃபி என்பவர் அப்படி நிலம் கேட்டுக் கொடுத்த 1635-ஆம் ஆண்டுப் பட்டியலில் டோனி என்ற பெயரும், கிழக்கிந்தியர் என்ற குறிப்பும் இருக்கின்றன. இந்தியாவில் எந்தக் கரை, எந்த ஊர், ஒன்றும் எழுதவில்லை. கறுப்பினக் குடும்பங்களுக்கு இதைவிடக் கொடுமை. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயர்தான் இருக்கும், அடிமைகளுக்கு வயதும் பாலினமும் நிறமும் மட்டும். 1870 கணக்கெடுப்பில்தான் பெரும்பாலோருக்கு முதன்முதலாகப் பெயர் பதிவாகிறது. ஹவ்லண்டின் பத்துப் பிள்ளைகளையும் நாம் வரிசையாகச் சொல்ல முடிவது, எழுதிவைக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இருந்ததாலும்தான்.

வூஸ்டர்வாசி எழுதியது:

கரிசல்மண் ஐயா, இது எதுவும் வீட்டுப் புத்தகத்தில் இல்லை. கோரம் என்ற பெயரைப் பெருமையாக மட்டும்தான் அது சொல்கிறது. நீங்கள் சொன்னதைத் தனி அத்தியாயமாகவே எழுதப்போகிறேன்.

இப்போது முக்கியச் செய்தி. யார்க் மாவட்டக் கோப்பு கிடைத்துவிட்டது. அக்கா சொன்ன மாதிரியே ஒரே பெயரில் இரண்டு பேர். பக்ஸ்டன்காரர் உயில் எழுதாமல் இறந்திருக்கிறார், விதவைக்கும் பிள்ளைகளுக்கும் நீதிமன்றம் சொத்தைப் பிரித்துக்கொடுத்திருக்கிறது. மகள்கள் பட்டியலில் எங்கள் பெண்ணின் பெயர், கோரம் ஊர் இன்னாரின் மனைவி என்ற குறிப்போடு இருக்கிறது. அந்த இன்னார் எங்கள் ஆள்தான்.

பழஞ்சுவடி எழுதியது:

அருமை. ஆனால் இன்னும் ஒரு கதவை மூட வேண்டும். கோரம்காரருக்கும் அதே பெயரில் மகள் இருந்தாரே, அவர் என்ன ஆனார்? அவருக்கு ஒரு முடிவு காட்டினால்தான் வாதம் முழுமையாகும்.

வூஸ்டர்வாசி எழுதியது:

பார்த்துவிட்டோம். கல்யாணம் ஆகாமல் 1840-களில் இறந்திருக்கிறார். கோரம் கல்லறையில் தகப்பன் பெயரோடு கல் இருக்கிறது, ஊர்ப் பதிவேட்டிலும் இறப்பு இருக்கிறது. ஆக எங்கள் பெண் பக்ஸ்டன்காரரின் மகள். இந்த வழியில் டிசையரும் இல்லை, ஹவ்லண்டும் இல்லை.

தென்னங்கீற்று எழுதியது:

ஐயோ. பாட்டியிடம் சொல்லத்தான் வேண்டுமா? தொண்ணூறு வயதில் அவருடைய பெருமையை எடுத்துவிட்டு என்ன சாதிக்கப் போகிறோம்?

மேப்பிள்மரம் எழுதியது:

சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அவருடைய சொந்த முப்பாட்டிகளைப் பற்றிய செய்தி இது, நம்மைவிட அவருக்கு அதில் உரிமை அதிகம். வயதானவர் என்பதற்காக உண்மையை மறைப்பது அன்பு ஆகாது. எப்படிச் சொல்கிறோம் என்பதில் கவனம் இருந்தால் போதும்.

வூஸ்டர்வாசி எழுதியது:

மனைவி உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிவிட்டார். பாட்டிக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. அந்தச் சொத்துப் பிரிவினைத் தாளின் நகலை வாங்கிப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து தரச் சொல்லிப் படித்தார். விதவைக்கு ஒதுக்கிய பங்கில் வீட்டின் எந்த அறை, கிணற்றுக்குப் போகும் வழி என்று எல்லாம் எழுதியிருந்தது. அதைத்தான் ரொம்ப நேரம் பேசினார். பக்ஸ்டன்காரர்கள் முதலில் எங்கிருந்து வந்தார்கள் என்று இப்போது எங்களைக் கேட்கிறார்.

பழஞ்சுவடி எழுதியது:

பாட்டிக்குப் பதில் சொல்ல வழி இருக்கிறது. பக்ஸ்டனின் ஆரம்பக் குடும்பங்களில் பல மாசசூசெட்ஸின் எசெக்ஸ் மாவட்டத்திலிருந்து, நியூபரி, ஹேவர்ஹில் பக்கத்திலிருந்து போனவை. பாதிரியார் காஃபினும் நியூபரிக்காரர்தான். நியூபரி 1635-லேயே குடியேறிய ஊர். 1850 வரையிலான அதன் பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவுகள் அச்சில் இருக்கின்றன, எசெக்ஸ் மாவட்ட உயில்களும் கிடைக்கின்றன. அங்கே போய்ச் சேர்ந்தால், 1620-க்கும் 1635-க்கும் இடையில் நியூ இங்கிலாந்துக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்த பெருங்குடியேற்ற ஆய்வுத் தொகுதிகள் உங்களுக்குக் கைகொடுக்கும்.

அதற்கு முன்னால் பக்ஸ்டன்காரரின் பிறந்த ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். வயதைப் பார்த்தால் புரட்சிப் போருக்குப் போயிருக்கலாம். 1818, 1832 சட்டங்களின்படி வீரர்களும், 1836-லிருந்து விதவைகளும் ஓய்வூதியம் கேட்டு மனுக் கொடுத்தார்கள். 1832 மனுக்களில் எங்கே, எப்போது பிறந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். விதவைகள் கல்யாணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து அனுப்பியதும் உண்டு. மூலக் கோப்புகள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, படிமங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவர் இறந்த வருஷம் உங்களிடம் இருக்கிறது, 1832-க்குப் பிறகா என்று பாருங்கள்.

இன்னொரு வேலை. அந்தப் பிரிவினைத் தாளின் படத்தை, கோரம் கல்லறைக் கல்லின் படத்தோடு சேர்த்து, இணைய மரங்களில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போடுங்கள். மரம் வைத்திருப்பவர்களுக்கு மரியாதையாக ஒரு கடிதமும் எழுதுங்கள். சிலர் பதில் போடமாட்டார்கள், பரவாயில்லை. அடுத்துத் தேடி வருபவருக்கு அது கிடைக்கும். பாட்டியின் மற்ற வழிகளையும் விட்டுவிடாதீர்கள். 1805 தலைமுறையில் அவருக்கு இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பாதிப்பேரை நீங்கள் இன்னும் தொடவே இல்லை.

வூஸ்டர்வாசி எழுதியது:

1834-ல் இறந்திருக்கிறார் அக்கா. ஓய்வூதியக் கோப்பை இன்றைக்கே தேட ஆரம்பிக்கிறேன். கிடைத்தால் முதல் பக்கத்தை இங்கே படியெடுத்துப் போடுகிறேன், அந்தக் கையெழுத்தைப் படிக்க உங்கள் உதவி வேண்டியிருக்கும்.